கணினி மெதுவாகிவிட்டதா? புதிதாக வாங்கும் முன் விண்டோஸில் பார்க்க வேண்டியவை

கொரோனா ஊரடங்கின்போது பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக அவசரமாக வாங்கிய லேப்டாப், வளைகுடாவிலிருந்து வாப்பா விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த லேப்டாப், அண்ணன் படிப்பை முடித்ததும் தம்பிக்கு வந்து சேர்ந்த கம்ப்யூட்டர் என்று நம் வீடுகளில் ஒன்றாவது இருக்கும். வாங்கிய புதிதில் பட்டனை அழுத்தியதும் திறந்துகொண்டது. இப்போதோ அழுத்திவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "ஃபார்மட் போட்டுத் தருகிறோம்" என்பார்கள், அல்லது "இது பழசு, புதுசு வாங்கிவிடுங்கள்" என்பார்கள். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் முதல் பதிலுக்குச் சம்மதித்தார்கள். கணினி வேகமாகத் திரும்பி வந்தது. ஆனால் அதில் இருந்த பல வருடக் குடும்பப் படங்கள் ஒன்றுகூட இல்லை. படங்களைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை, கடையிலும் கேட்கவில்லை. இன்னும் சிலர் மாதத் தவணையில் புதிய லேப்டாப் வாங்கிய பிறகுதான், பழையதில் கொஞ்சம் கவனம் செலுத்தியிருந்தாலே இன்னும் சில வருடங்கள் ஓடியிருக்கும் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

கணினியை வேகப்படுத்தும் வசதிகள் பலவும் விண்டோஸிலேயே உள்ளன. அவற்றுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, வேறு மென்பொருள் எதையும் இறக்க வேண்டியதும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக மாற்றிப் பயனில்லை. எங்கே நெரிசல் ஏற்படுகிறது என்று முதலில் கண்டுபிடித்து, அதற்குரிய வசதியைப் பயன்படுத்த வேண்டும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

கணினி ஏன் மெதுவாகிறது?

கணினியை ஒரு சமையலறையாக நினைத்துக்கொள்வோம். சமைப்பவர்தான் பிராசசர். அடுப்புக்குப் பக்கத்தில் உள்ள மேடைதான் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம். வீட்டின் கோடியில் உள்ள ஸ்டோர் ரூம்தான் ஹார்ட் டிஸ்க். தேவையான சாமான் மேடையிலேயே இருந்தால் கை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். மேடையில் இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஸ்டோர் ரூமுக்கு நடக்க வேண்டும். சமைப்பவர் எவ்வளவு கைவேகம் உள்ளவராக இருந்தாலும் நடப்பதிலேயே நேரம் போய்விடும்.

பழைய கணினிகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். பல பழைய லேப்டாப்களில் உள்ள ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு. அதாவது வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி வினாடி ஆகும். தேவையான தகவல் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு தகவல்களை வினாடிக்கு நூறு தடவை படிப்பதே அதற்குக் கடினம். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி, அதே வேலையை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை செய்துவிடும். ரேம் அதைவிடவும் பல மடங்கு வேகமானது.

வேகப்படுத்தும் வசதி எதுவாக இருந்தாலும் அதன் நோக்கம் ஒன்றுதான்: ஸ்டோர் ரூமுக்குப் போகும் நடையைக் குறைப்பது, அல்லது மேடையில் வீணாகக் கிடப்பதை அப்புறப்படுத்துவது.

1. முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்

கீபோர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பட்டன்களையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-இல் சிறிய பெட்டியாகத் திறந்தால், கீழே உள்ள 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். பிராசசஸ் பகுதியில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தனித்தனிப் பத்திகளும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சதவீதமும் தெரியும்.

கணினி திக்கித் திணறும் நேரத்தில் இதைப் பார்க்க வேண்டும். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? ஸ்டோர் ரூமில்தான் நெரிசல். மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? மேடை நிரம்பிவிட்டது. சிபியு தொடர்ந்து 100-ஐத் தொடுகிறதா? ஏதோ ஒரு மென்பொருள் பிராசசரை விடாமல் வேலை வாங்குகிறது. அந்தப் பத்தியின் தலைப்பை ஒருமுறை அழுத்தினால் அதிகம் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் மேலே வந்து நிற்கும்.

அடுத்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே டிஸ்க் என்பதற்குக் கீழே அது எஸ்எஸ்டியா, பழைய ஹார்ட் டிஸ்க்கா என்று எழுதியிருக்கும். மெமரி என்பதை அழுத்தினால் ரேம் எத்தனை ஜிபி, அதற்கான இடங்களில் எத்தனை நிரம்பியுள்ளன என்பதும் தெரியும். இந்த இரண்டையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பின்னால் கடைக்காரரிடம் பேசும்போது இந்தத் தாள் உதவும்.

ஒரு விஷயத்தைக் கவனத்தில் கொள்ளுங்கள். கணினியை ஆன் செய்த முதல் பத்து நிமிடங்களில் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். அப்டேட், வைரஸ் சோதனை, தேடலுக்கான அட்டவணை தயாரித்தல் ஆகிய வேலைகள் அந்த நேரத்தில் நடக்கும். பல நாள் கழித்து ஆன் செய்த கணினியில் அது இன்னும் நீளும். கொஞ்சம் அடங்கிய பிறகும் அதே நிலைமை என்றால்தான் பிரச்சினை.

2. அழைக்காமலே வந்து உட்காரும் மென்பொருட்கள்

நாம் ஒரு மென்பொருளை நிறுவும்போது, கணினி ஆன் ஆகும்போதெல்லாம் தானும் திறந்துகொள்ளும்படி அது தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. கேம் லாஞ்சர், பாட்டுக் கேட்கும் ஆப், மீட்டிங் ஆப், பிரிண்டரோடு வந்த கூடுதல் மென்பொருள், அப்டேட் பார்க்கும் சிறு நிரல்கள் என்று நான்கைந்து வருடத்தில் இவை இருபதைத் தாண்டிவிடும். சமையல் தொடங்கும் முன்பே மேடை முழுக்கப் பாத்திரம் அடுக்கி வைத்த கதைதான்.

விண்டோஸ் 8 முதல் இதற்கென்றே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதி உள்ளது. விண்டோஸ் 11-இல் இதன் பெயர் ஸ்டார்ட்அப் ஆப்ஸ். ஒவ்வொரு மென்பொருளுக்கு எதிரிலும் 'ஹை', 'மீடியம்', 'லோ' என்று குறித்திருக்கும். திறக்கும்போது பிராசசரின் நேரத்தில் 1 வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டாலோ, டிஸ்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ அது 'ஹை' ஆகிவிடும். வேண்டாததன் மீது ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுங்கள்.

இப்படிச் செய்வதால் அந்த மென்பொருள் அழிந்துவிடாது. தேவைப்படும்போது நாமே திறந்துகொள்ளலாம். மனம் மாறினால் அதே இடத்தில் 'எனேபிள்' கொடுத்தால் போதும். எனவே பயப்பட வேண்டியதில்லை.

ஆனாலும் சிலவற்றைத் தொடாமல் விடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டி, ஒலிக்கான டிரைவர், டச்பேட் டிரைவர் போன்றவை அப்படியே இருக்கட்டும். அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தினமும் பயன்படுத்துபவர்கள் அதையும் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் "தமிழ் டைப் ஆகவில்லை" என்று தேட வேண்டியிருக்கும்.

பெயரைப் பார்த்து என்னவென்று தெரியவில்லையா? அதன் மீது ரைட் கிளிக் செய்து 'சர்ச் ஆன்லைன்' கொடுத்துப் படித்துவிட்டு முடிவெடுங்கள். தெரியாததை நிறுத்த வேண்டாம்.

3. ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

"தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் படுக்கிறோம், அப்படியும் மெதுவாக இருக்கிறது" என்று சிலர் சொல்வதுண்டு. இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது.

விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி உள்ளது. ஷட் டவுன் கொடுக்கும்போது நாம் திறந்து வைத்த மென்பொருட்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் முழுதாக மூடப்படுவதில்லை. அவை இருந்த நிலையை அப்படியே டிஸ்கில் ஒரு ஃபைலாக எழுதி வைத்துவிட்டுக் கணினி அணைகிறது. மறுநாள் அந்த ஃபைலைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுவதைவிட இது வேகமானது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் இதன் பலன் நன்றாகவே தெரியும்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. உள்ளே ஏதாவது டிரைவர் தடுமாறியிருந்தால், ஷட் டவுன் செய்து ஆன் செய்தாலும் அந்தத் தடுமாற்றம் கூடவே வந்துவிடும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போனால் 'அப் டைம்' என்று ஒரு எண் இருக்கும். தினமும் அணைக்கிற கணினியிலும் அது பத்து நாள், பதினைந்து நாள் என்று காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். காரணம் இதுதான்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

4. ரேமை விண்டோஸ் எப்படிச் சமாளிக்கிறது?

4 ஜிபி ரேம் உள்ள கணினியில் விண்டோஸும் அதன் பின்னணி வேலைகளுமே ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். மீதியில்தான் பிரவுசர், ஆன்லைன் வகுப்பு, வேர்ட் ஃபைல் எல்லாம் ஓட வேண்டும். இந்த நெருக்கடியைச் சமாளிக்க விண்டோஸ் மூன்று வழிகளைக் கையாள்கிறது.

முதலாவது, மெய்நிகர் நினைவகம். ரேம் நிரம்பும்போது, இப்போதைக்குத் தேவைப்படாத பகுதியை டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைல் என்ற இடத்துக்கு விண்டோஸ் மாற்றி வைக்கும். மேடையில் இருந்ததை ஸ்டோர் ரூமில் வைப்பது மாதிரி. கணினி நின்றுபோகாமல் இது காப்பாற்றும். ஆனால் வேகம் குறையும். சிலர் இதை நிறுத்திவிட்டால் வேகம் கூடும் என்று சொல்வார்கள். அது தவறு. நிறுத்தினால் ரேம் நிரம்பும்போது மென்பொருட்கள் திடீரென்று மூடிக்கொள்ளும். அளவை விண்டோஸே முடிவு செய்யும்படி விட்டுவிடுவதுதான் நல்லது.

இரண்டாவது, ரேமில் உள்ளதைச் சுருக்கி வைப்பது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் இது சேர்க்கப்பட்டது. டிஸ்குக்கு அனுப்புவதற்கு முன், சும்மா கிடக்கும் பகுதியை ரேமுக்குள்ளேயே சுருக்கி மடித்து வைக்கிறது. சுருக்குவதற்குப் பிராசசர் கொஞ்சம் உழைக்க வேண்டும் என்றாலும், டிஸ்குக்குப் போய் வருவதைவிட அது பல மடங்கு வேகம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியில் 'இன் யூஸ்' என்பதற்கு அடுத்து 'கம்ப்ரஸ்டு' என்று இருப்பது இந்த அளவுதான்.

மூன்றாவது, முன்கூட்டியே எடுத்து வைப்பது. நாம் அடிக்கடி திறக்கும் மென்பொருட்களைக் கவனித்து, அவற்றின் பகுதிகளை நாம் கேட்பதற்கு முன்பே காலியான ரேமில் ஏற்றி வைக்கும் வசதி இது. விண்டோஸ் விஸ்டாவில் 'சூப்பர்ஃபெட்ச்' என்ற பெயரில் வந்தது. விண்டோஸ் 10-இல் 'சிஸ்மெயின்' என்று பெயர் மாறியது. டாஸ்க் மேனேஜரில் 'கேச்டு' என்று காட்டப்படுவதில் இதன் பங்கும் உண்டு. வேறு மென்பொருளுக்கு இடம் தேவைப்பட்டால் விண்டோஸ் உடனே அதைக் காலி செய்து கொடுத்துவிடும்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். ரேம் காலியாக இருந்தால்தான் கணினி வேகமாக ஓடும் என்பது உண்மையல்ல. பயன்படாமல் காலியாகக் கிடக்கும் ரேமால் நமக்கு எந்த லாபமும் இல்லை. 'ரேம் கிளீனர்' என்று வரும் மென்பொருட்கள், விண்டோஸ் எடுத்து வைத்ததைத் தூக்கி எறிந்துவிட்டு "இவ்வளவு காலி செய்தோம்" என்று காட்டுகின்றன. அடுத்த நிமிடமே விண்டோஸ் அதை மறுபடி டிஸ்கிலிருந்து எடுக்க வேண்டும். வேகம் குறையத்தான் செய்யும்.

பென் டிரைவை ரேமாக மாற்றலாம் என்று யூடியூபில் இன்றும் வீடியோக்கள் வருகின்றன. விஸ்டாவோடு வந்த 'ரெடிபூஸ்ட்' வசதியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 512 எம்பி, 1 ஜிபி ரேம் சாதாரணமாக இருந்த காலத்தில் அது ஓரளவு உதவியது. ஆனால் அப்போதும் பென் டிரைவ் ரேமாக மாறவில்லை. ஹார்ட் டிஸ்கில் உள்ள சில தகவல்களின் நகலை வைத்துக்கொள்ளும் இடமாக மட்டுமே இருந்தது. எஸ்எஸ்டி உள்ள கணினியில் அதற்கு வேலையே இல்லை. இதற்காகப் பென் டிரைவ் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

மெமரிதான் நெரிசல் என்றால் உடனடியாகச் செய்யக்கூடியது, பிரவுசரில் திறந்து கிடக்கும் டேப்களைக் குறைப்பது. எட்ஜ் பிரவுசரில் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்', குரோமில் 'மெமரி சேவர்' என்ற வசதிகள் உள்ளன. பார்க்காமல் விட்ட டேப்களை அவை உறங்க வைத்து ரேமை மீட்டுத் தரும். செட்டிங்ஸில் இவை ஆன் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பயன்படுத்தாத பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் நீக்கிவிடுங்கள்.

5. டிஸ்கில் இடமும் ஒழுங்கும்

சி டிரைவ் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் விண்டோஸுக்கு மூச்சுத் திணறும். அப்டேட் இறங்க, பேஜ் ஃபைல் விரிய, தற்காலிக ஃபைல்களை எழுத அதற்கு இடம் வேண்டும். பத்தில் ஒன்றிரண்டு பங்காவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போங்கள். எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பட்டியலாகத் தெரியும். 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்பதை அழுத்தி, வேண்டாதவற்றை டிக் செய்து நீக்கலாம். அங்கேயே 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்ற வசதி இருக்கும். 2017-இல் விண்டோஸ் 10-இல் வந்த இதை ஆன் செய்து வைத்தால், தற்காலிக ஃபைல்களையும் ரீசைக்கிள் பின்னில் நாள்பட்டுக் கிடப்பவற்றையும் தானாகவே சுத்தம் செய்யும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீக்கும் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்பதும் இருக்கும். மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் என்று பலரும் முக்கியமானவற்றை அந்த ஃபோல்டரிலேயே போட்டு வைத்திருப்பார்கள். அதில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டோரேஜ் சென்ஸிலும் டவுன்லோட்ஸுக்கு 'நெவர்' என்றே இருக்கட்டும்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் 'டிஃப்ராக்மென்ட்' என்று தட்டினால் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' திறக்கும். பழைய ஹார்ட் டிஸ்கில், சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை இது ஓரிடத்தில் சேர்க்கும். ஊசி அலைவது குறையும். எஸ்எஸ்டியில் இதற்கு நேர் மாறான நிலை. அதில் ஊசி இல்லாததால் சேர்த்து அடுக்குவதில் பெரிய பலன் இல்லை. திரும்பத் திரும்ப எழுதுவதால் தேய்மானம்தான் அதிகமாகும். எனவே எஸ்எஸ்டி என்று தெரிந்தால் விண்டோஸ் 'டிரிம்' என்ற வேறு வேலையைச் செய்கிறது. நாம் அழித்த ஃபைல்கள் இருந்த இடம் இனி காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பதே அது. இரண்டையும் விண்டோஸ் வாரம் ஒருமுறை தானாகவே செய்யும். அந்த அட்டவணை ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். வெளியிலிருந்து வேறு டிஃப்ராக் மென்பொருள் வாங்கி எஸ்எஸ்டியில் ஓட்டாதீர்கள்.

6. அலங்காரமும் மின்சார அமைப்பும்

விண்டோக்கள் விரிவதும் சுருங்குவதும், கண்ணாடி மாதிரித் தெரிவதும் பார்க்க அழகுதான். கிராஃபிக்ஸ் திறன் குறைந்த பழைய கணினிக்கு அது வீண் சுமை. ஸ்டார்ட் மெனுவில் 'அட்ஜஸ்ட் தி அப்பியரன்ஸ்' என்று தட்டினால் பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ் என்ற பெட்டி திறக்கும். அதில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லா டிக்கும் போய்விடும்.

அப்படியே விட்டுவிட்டால் தமிழ் எழுத்துகள் ஓரம் பிசிறடித்து, படிக்கக் கண் வலிக்கும். எனவே 'ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்' என்பதில் மட்டும் மறுபடி டிக் போடுங்கள். படங்களின் சிறு உருவம் தெரிய வேண்டுமென்றால் 'ஷோ தம்ப்நெயில்ஸ்' என்பதிலும் போடுங்கள்.

லேப்டாப்பில் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பிராசசரின் வேகத்தைக் குறைத்து ஓட்டும் அமைப்பு இருக்கும். சார்ஜரில் போட்டிருக்கும்போது அது தேவையில்லை. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதியில் 'பவர் மோட்' என்பதை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றுங்கள். விண்டோஸ் 10-இல் கீழே உள்ள பேட்டரி படத்தை அழுத்தி நகர்த்தலாம்.

இதோடு சேர்த்து இன்னொன்று. மெத்தை மீதும் தலையணை மீதும் லேப்டாப்பை வைத்துப் பயன்படுத்தினால் காற்று போகும் துளைகள் அடைபடும். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எந்த செட்டிங்ஸை மாற்றினாலும் அப்போது பலன் கிடைக்காது. ஃபேனில் தூசி அடைந்திருந்தால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

7. வேகம் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்

கணினி மெதுவாக இருக்கிறதே என்ற எரிச்சலைப் பயன்படுத்திப் பணம் பார்ப்பவர்கள் நிறைய. "உங்கள் கணினியில் 1,000 பிழைகள் உள்ளன, சரிசெய்யப் பணம் செலுத்துங்கள்" என்று ஒரு பெட்டி குதித்தால் நம்பாதீர்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் அப்படிப்பட்டவை. ரெஜிஸ்ட்ரியில் சில பழைய பதிவுகள் கிடப்பதால் வேகம் குறைவதில்லை. தவறான பதிவை நீக்கிவிட்டால் விண்டோஸே திறக்காமல் போகலாம். மைக்ரோசாஃப்டும் இவற்றைப் பயன்படுத்துவதை ஆதரிப்பதில்லை.

இன்னும் ஆபத்தானது போன் நம்பரோடு வரும் எச்சரிக்கை. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் ஒருபோதும் போன் நம்பர் இருக்காது. அப்படி வந்தால் அது மோசடிதான். அந்த நம்பரை அழைத்தால், கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப் ஒன்றை நிறுவச் சொல்வார்கள். பிறகு நம் வங்கிக் கணக்கு அவர்கள் கையில். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதை அவசியம் சொல்லிவையுங்கள்.

ஆன்டிவைரஸ் விஷயத்திலும் ஒன்றுக்கு இரண்டு என்று போடாதீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் கூடவே வருகிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். லேப்டாப்போடு வந்து காலாவதியான வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்கிவிட்டு, டிஃபெண்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வேகத்துக்காக ஆன்டிவைரஸையே நிறுத்திவிடுவது, கதவைத் திறக்க நேரமாகிறது என்று பூட்டைக் கழற்றி எறிவது போலத்தான்.

8. விண்டோஸால் முடியாதது

இவ்வளவும் செய்த பிறகும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பழைய ஹார்ட் டிஸ்க் என்று காட்டுகிறது என்றால், மென்பொருளால் செய்யக்கூடியது முடிந்துவிட்டது. இப்போது பணம் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் முதலில் வாங்க வேண்டியது புதிய லேப்டாப் அல்ல, எஸ்எஸ்டி.

பெரும்பாலான பழைய லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் இருக்கும் அதே இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். இருக்கும் விண்டோஸை அப்படியே புதியதற்கு நகல் எடுத்து மாற்றவும் முடியும். "ஃபார்மட் வேண்டாம், குளோன் செய்து கொடுங்கள்" என்று கேளுங்கள். எடுத்த பழைய ஹார்ட் டிஸ்கை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஒரு சிறிய யுஎஸ்பி உறையில் போட்டால் குடும்பப் படங்களை வைக்கும் பேக்கப் டிஸ்காகிவிடும்.

ரேம் 4 ஜிபிதான், மெமரி எப்போதும் நிரம்பியே இருக்கிறது என்றால் 8 ஜிபியாக்குவது அடுத்த செலவு. சில லேப்டாப்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. நாம் குறித்து வைத்த தாளும் லேப்டாப்பின் மாடல் எண்ணும் இருந்தால் கடைக்காரர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

எந்த வேலைக்கும் முன்னால் படங்களையும் சான்றிதழ்களையும் வெளி டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். கடைக்குக் கொடுக்கும் முன் இதை ஒருபோதும் தவறவிடாதீர்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், பட்டியலில் உள்ள பிராசசர் ஆகியவை வேண்டும். இவை இல்லாத கணினி எவ்வளவு வேகமாக ஓடினாலும், அதில் வங்கிப் பரிவர்த்தனை செய்வதை நீண்ட நாள் தொடர முடியாது. பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தலாம்.

அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

மேலே சொன்னதையெல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. ஒரு விடுமுறை நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பத்து நிமிடம் கழித்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து எங்கே நெரிசல் என்று பாருங்கள். ஸ்டார்ட்அப்பில் வேண்டாததை நிறுத்துங்கள். ஸ்டோரேஜ் பகுதியில் இடத்தைக் காலி செய்யுங்கள். பவர் மோட், அலங்கார அமைப்பை மாற்றுங்கள். மறுபடி ரீஸ்டார்ட் செய்து, கணினி திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். முன்பு எவ்வளவு ஆனது என்பதையும் குறித்து வைத்திருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். அடுத்த முறை அவர்களே செய்துவிடுவார்கள். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாள் அன்று நீல வட்டத்தைப் பார்த்துக்கொண்டு பதறி நிற்கும் நிலைமை வராது. புதிய லேப்டாப் வாங்குவதாக இருந்த பணமும் தேவையான ஒரு செலவுக்கு மிச்சமாகும். பயனுள்ளதாக இருந்தால் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எத்தி வையுங்கள்.